கணினிக்கு வயதாயிற்றா, சுமை கூடிற்றா?

அமராவதிபுதூரிலும் காரைக்குடியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும் பல இல்லங்களில் அலமாரியின் மேல்தட்டிலோ பரணிலோ ஒரு மடிக்கணினி துணி சுற்றிய நிலையில் உறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். மூத்த மகனோ மகளோ மேல்நிலைப் பள்ளியில் பயின்ற நாளில் அரசு விலையின்றி வழங்கிய கணினி அது. அன்று வீடே கூடி நின்று வியந்த பொருளை இன்று ஏன் தொடுவதில்லை என்று வினவினால், "திறப்பதற்கே கால் மணி நேரம் ஆகிறது, பழசாகிவிட்டது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

இளைய பிள்ளை கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் காலம் வந்ததும் புதுக் கணினிக்கான கோரிக்கை எழுகிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்பது கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. நகையை அடகு வைத்தோ, தவணைக் கடன் பெற்றோ வாங்குகின்றனர். ஆகவே, "பழசாகிவிட்டது" என்ற அந்த ஒரு சொல் உண்மைதானா என்று வாங்குவதற்கு முன்னரே ஆராய்ந்து பார்ப்பது குடும்பத் தலைவர்களின் கடமையாகிறது.

கணினியின் மின்கலம் நாளடைவில் வலுவிழக்கும். விசிறியில் தூசு படியும். வன்தட்டு தேய்வதும் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், கணக்கிடும் சில்லு மனிதரின் கைகால்களைப் போல மூப்பினால் தளர்வதில்லை. முதல் நாள் என்ன வேகத்தில் கணக்கிட்டதோ, அதே வேகத்தில்தான் பத்தாண்டு கழிந்த பின்னரும் கணக்கிடுகிறது. அப்படியானால் தாமதம் எங்கிருந்து வந்தது? அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையிலிருந்து வந்தது. அச்சுமையில் பெரும்பங்கு, இயங்குதளம் எனப்படும் அடிப்படை மென்பொருளுடையது.

அரசு தந்த கணினி

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களும், கல்லூரி மாணவர்களும் இதனால் பயனடைந்தனர். முதற்கட்டமாக 9.12 இலட்சம் கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எல்காட் என்ற அரசு நிறுவனம் இவற்றைக் கொள்முதல் செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். 1947இல் வள்ளல் அழகப்பச் செட்டியார் கல்லூரி கண்ட நம் பகுதியிலும், பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதற் கணினி இதுவேயாகும்.

தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட கணினிகள் பலவற்றில் 2 ஜி.பி. நினைவகமே இருந்தது. முதலில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் நிறுவப்பட்டிருந்தன. ஒன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 7 வரிசையில் மிகச் சிறியதான 'ஸ்டார்ட்டர்' பதிப்பு. மற்றொன்று, நடுவணரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். கணினியை இயக்கும்போது இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளலாம். பாஸ் என்பதைத் திறந்து பார்த்த மாணவர் சிலரே.

ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. இதனை ஒரு குறையாகக் கருதிய இளைஞர்கள் கடையில் கொடுத்துப் 'பெரிய' விண்டோசை ஏற்றிக்கொண்டனர். உரிமமற்ற பிரதிகளே பெரும்பாலும் ஏற்றப்பட்டன. பிறகு விண்டோஸ் 8 வந்தது, 10 வந்தது, அவையும் ஏற்றப்பட்டன. சிறிய இயங்குதளத்தோடு ஓரளவு நன்றாக ஓடிய கணினி, ஒவ்வோர் ஏற்றத்திலும் மூச்சு வாங்கத் தொடங்கிற்று.

கணக்குப்பிள்ளையின் மேசை

கணினிக்குள் நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டினால் விளங்கிக்கொள்ளலாம். நம் பகுதிப் பெரிய வீடுகளின் முகப்பில் அக்காலத்தில் கணக்குப்பிள்ளை அமர்ந்து கணக்கெழுதுவார். அவர்முன் ஒரு சிறிய மேசை. உள்ளறையில் பேரேடுகள் நிறைந்த பெட்டகம். வேண்டிய ஏடுகளை எடுத்து வந்து மேசைமீது விரித்து வைத்துக்கொண்டால் வேலை விரைவாக நடக்கும். மேசையில் இரண்டு ஏடுகளுக்கே இடம் இருந்து, வேலைக்கு ஐந்து ஏடுகள் வேண்டியிருந்தால் என்ன ஆகும்? ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். எழுதும் நேரத்தைவிட எழுந்து நடக்கும் நேரமே மிகுந்துவிடும். கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

கணினியில் அந்த மேசைதான் நினைவகம்; கடைக்காரர் 'ராம்' என்று சொல்வது இதனையே. பெட்டகம்தான் வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க். கணக்குப்பிள்ளைதான் சில்லு. 2 ஜி.பி. அளவுள்ள மேசையில் புதிய இயங்குதளம் மட்டுமே பாதிக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் நச்சுநிரல் தடுப்பான் தன் ஏடுகளை விரிக்கிறது. புதுப்பிப்புகளைத் தேடும் நிரல் தன்னுடையதை விரிக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தைத் திறக்கும் உலாவிக்கு இடமில்லை. எனவே கணினி இடைவிடாமல் வன்தட்டிற்கு ஓடுகிறது.

அவ்வன்தட்டோ நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் ஒரு வட்டத்தட்டு. அதன்மீது ஊசி போன்ற ஒரு முனை அசைந்து அசைந்து தகவலைத் தேட வேண்டும். நினைவகத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிகமிக மந்தமானது. கணினியின் முன்பக்கத்தில் சிறு விளக்கு ஓயாமல் சிமிட்டுவதையும் சுட்டி நகராமல் நிற்பதையும் கண்டு நாம் சலித்துக்கொள்ளும் நேரமெல்லாம், கணக்குப்பிள்ளை உள்ளறைக்கு நடந்துகொண்டிருக்கும் நேரமே.

சுமை ஏறிய வரலாறு

இயங்குதளம் தயாரிப்போரே அறிவித்த குறைந்தபட்சத் தேவைகளைப் பார்த்தால் சுமை ஏறிய வகை புலப்படும். 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95க்கு 4 எம்.பி. நினைவகம் போதும் என்றனர். 2001இல் வந்த எக்ஸ்.பி.க்கு 64 எம்.பி. 2007இல் வந்த விஸ்டாவுக்கு 512 எம்.பி. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 1 ஜி.பி. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் தேவை ஆயிரம் மடங்கிற்கும் மேலாக உயர்ந்துவிட்டது. நாம் எழுதும் விண்ணப்பக் கடிதமோ அன்றிருந்த நீளத்திலேயே இருக்கிறது!

சுவிட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். இயந்திரங்கள் விரைவடைவதைக் காட்டிலும் வேகமாக மென்பொருள்கள் மந்தமடைகின்றன என்பது அவர் கட்டுரையின் சாரம். அது இன்று அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது.

வலுக்குறைந்த கணினிமீது கனத்த இயங்குதளத்தை ஏற்றிய சிக்கல் நம்மவர்க்கு மட்டும் வாய்த்ததன்று. விஸ்டா வெளிவருவதற்கு முன்னர், அதனை இயக்க வல்லவை என்று முத்திரை ஒட்டிய கணினிகள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. அவற்றுள் பல, விஸ்டாவின் மிகச் சிறிய பதிப்பையே தாங்கக்கூடியவையாக இருந்தன. 2007இல் வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். வழக்கில் வெளிவந்த அலுவலகக் கடிதங்களில் ஒன்று சுவையானது. 2,100 டாலர் கொடுத்து வாங்கிய தம் கணினி மின்னஞ்சல் பார்ப்பதற்கு மட்டுமே உதவுகிறது என்று அந்நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே அதில் வருந்தியிருந்தார். வாங்கியோர் எல்லோர் சார்பிலும் வழக்கை நடத்த நீதிமன்றம் 2009இல் இசையவில்லை. எனினும், முத்திரையை நம்பி ஏமாறலாகாது என்ற பாடம் எஞ்சி நின்றது.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தது. விண்டோஸ் 7, 8 வைத்திருந்தோர் ஓராண்டுக் காலம் விலையின்றி அதற்கு மாறிக்கொள்ளலாம் என்றனர். மாறும்படி வற்புறுத்தும் அறிவிப்புகள் திரையில் அடிக்கடி தோன்றின. கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், தம் இசைவின்றியே இம்மாற்றம் நிகழ்ந்ததாகவும் அதனால் தம் அலுவலகக் கணினி பல நாள் பயன்படாமற் போனதாகவும் வழக்குத் தொடுத்து, 2016இல் 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். நம் ஊர்களில் அவ்வாறு வழக்காடுவோர் யார்? கணினியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டோம், அவ்வளவே.

பழையதிலேயே இருந்துவிட்டால் என்ன?

இவ்வளவு தொல்லை எனில் பழைய விண்டோசிலேயே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு இருப்பதிலும் ஆபத்து உண்டு. மென்பொருளில் ஓட்டைகள் காணப்படும்தோறும் தயாரித்தவர் அவற்றை அடைத்து வருகின்றனர். குறிப்பிட்ட நாளுக்குப் பின் அப்பணியை நிறுத்திவிடுகின்றனர். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் அது நின்றது. விண்டோஸ் 10ஐப் பொறுத்தவரை, பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது.

ஓட்டை அடைக்கப்படாத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீட்டிற்கு ஒப்பாகும். 2017 மே 12 அன்று 'வான்னகிரை' என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே சிக்கின. வங்கிக் கணக்கையும் ஆதார் எண்ணையும் கணினி வழியே கையாளும் நாம் இதனை அசட்டை செய்தல் ஆகாது.

அன்றியும், கூகுளின் குரோம் உலாவி 2023 பிப்ரவரியோடு விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டது. அக்கணினிகளில் அதன் புதிய பதிப்புகளை ஏற்ற இயலாது. நாளடைவில் வங்கி, கல்லூரி இணையப் பக்கங்கள் சரிவரத் திறவாமற் போகும்.

சரி, விண்டோஸ் 11க்கு மாறலாமா? அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் சில்லானால், 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எனவே 2011 தொடங்கிச் சில ஆண்டுகள் வழங்கப்பட்ட மடிக்கணினிகளுக்கு அக்கதவு அடைபட்டதே. கானலிஸ் என்ற ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10 நிறுத்தத்தால் உலகில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குச் செல்லக்கூடும் என்று 2023 இறுதியில் மதிப்பிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குச் சான்று உண்டு என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. ஓடக்கூடிய கணினிகளையும் அக்குவியலில் சேர்ப்பது முறையாகுமா?

மூன்றாவது வழி

கனத்த புதியது வேண்டாம். பாதுகாப்பற்ற பழையதும் வேண்டாம் என்றால், மெலிந்த புதியது ஒன்று உண்டு. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் ஓட்டைகளும் தொடர்ந்து அடைக்கப்படுகின்றன. அவற்றுள் எளிய கணினிக்கென்றே மெலிதாக அமைக்கப்பட்டவை பல. லினக்ஸ் மின்ட் என்பதற்கு 2 ஜி.பி. நினைவகம் இருந்தால் போதும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. லுபுண்டு என்பதும் இத்தகையதே. கடிதம் எழுதவும், கணக்கு அட்டவணை போடவும், இணையத்தில் உலாவவும், தமிழில் தட்டச்சு செய்யவும் வேண்டியவை இவற்றில் உள்ளன.

இது நம் நாட்டில் சோதித்துப் பார்க்கப்படாத புதுமையன்று. எல்காட் நிறுவனமே 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாக லினக்சையே பயன்படுத்தி வருகின்றன. அங்குள்ள கைட் என்ற அரசு நிறுவனம், இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இம்முறையைக் கையாள்வதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019இல் தெரிவித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே இதில்தான் பயிற்சி பெறுகின்றனர்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடைகளில் கணக்கெழுதப் பயன்படும் டாலி மென்பொருளும், அச்சகங்களில் இன்றும் கையாளப்படும் பேஜ்மேக்கரும் லினக்சுக்கென ஆக்கப்படாதவை. சில அச்சுப்பொறிகளும், கண்காணிப்புடன் நடக்கும் சில இணையவழித் தேர்வுகளும் லினக்சோடு ஒத்துப்போவதில்லை. முற்காலத் தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துருக்களை ஏற்றாவிடில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். இவ்வகை வேலை உள்ளோர் மாறுமுன் நன்கு விசாரித்தல் நலம்.

இல்லத்தார்க்குச் சில யோசனைகள்

ஒன்று: பரணிலுள்ள கணினியை இறக்கித் துடையுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதனை இயக்கவே வேண்டாம். தீப்பற்றும் அபாயம் உண்டு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து முதலில் அதனை அகற்றுங்கள்.

இரண்டு: எந்த மாற்றமும் செய்யுமுன் அதிலுள்ள படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். புதிய இயங்குதளம் ஏற்றுகையில் பழைய கோப்புகள் அழிந்துவிடக்கூடும். திருமணப் படங்களும் மறைந்த பெரியோரின் படங்களும் மீண்டும் கிடைப்பன அல்ல.

மூன்று: நினைவகத்தைக் கூட்ட இயலுமா என்று கேளுங்கள். பல மாதிரிகளில் 2 ஜி.பி.யை 4 அல்லது 8 ஆக்கலாம். சுழலும் வன்தட்டிற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தலாம். மேசையைப் பெரிதாக்கியும், பெட்டகத்தை மேசைக்கு அருகே கொண்டுவந்தும் வைப்பது போன்றது இது. இவ்விரண்டிற்கும் ஆகும் செலவு புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. கால் மணி நேரம் எடுத்த கணினி ஓரிரு நிமிடங்களில் திறப்பதைக் காண்பீர்கள்.

நான்கு: லினக்சை ஏற்றுமுன் பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதையும் மாற்றாமல், ஒலி, இணைய இணைப்பு, அச்சுப்பொறி ஆகியன வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொண்டு, பின்னர் முடிவு செய்யலாம்.

ஐந்து: உரிமமற்ற விண்டோசைக் கடையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சட்டத்திற்கு முரணானது என்பது ஒரு புறம் இருக்க, அப்பிரதிகளுக்குள் தீநிரல் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது திருடனிடம் சாவியைத் தருவதாகும்.

ஆறு: எவ்வாற்றானும் உதவாத கணினியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் இதனையே வேண்டுகின்றன. கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றிக்கொள்ள மறவாதீர்கள்.

கொடுப்போர்க்கும் ஒரு சொல்

2025-26ஆம் ஆண்டிற்கான நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கான ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கேட்கப்பட்டன. முன்னர் 2 ஜி.பி. கொடுத்த நிலையை நோக்க இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் சுமை ஏறிய வரலாற்றை நோக்கினால், இந்த 8 ஜி.பி.யும் ஒரு நாள் போதாமற் போகலாம். அந்நாளில் பிள்ளைகள் திகைக்காதிருக்க, கணினியோடு அதனைப் பேணும் அறிவையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

அவ்வறிவை ஊட்டும் பணியில் நம் பள்ளிகளும் பங்கின் இளைஞர் மன்றங்களும் கைகொடுக்கலாம். பொறியியல் பயிலும் பிள்ளைகள் இல்லாத பங்கு இன்று ஏது? ஆண்டுக்கு ஒரு விடுமுறை நாளில் அவர்களை அழைத்து, அண்டை அயலாரின் பழைய கணினிகளைத் துடைத்து, சோதித்து, மெலிந்த இயங்குதளம் ஏற்றித் தரச் செய்யலாம். பரணில் கிடக்கும் பத்துக் கணினிகளில் நான்கு உயிர்பெற்றாலும், நான்கு வீடுகளில் கடன் தவிர்க்கப்படும். நான்கு பிள்ளைகள் தங்கள் விண்ணப்பத்தைத் தங்கள் வீட்டிலிருந்தே அனுப்புவர்.

கடைக்குச் செல்லுமுன் பரணை ஒருமுறை பாருங்கள். அக்கணினியில் எவ்வளவு நினைவகம் உள்ளது, எந்த வகை வன்தட்டு உள்ளது, வீட்டில் என்ன வேலைக்குக் கணினி வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுதிக்கொண்டு, அதன் பின்னர் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.